நாலாவது மடிப்பு

தம்பி எடுத்த படத்தைப் பார்க்க வந்தவர்கள் மொத்தம் பதினேழு பேர். அதில் ஆறு பேர் வீட்டு ஆட்கள். படத்தில் ராட்சசன் கதவின் உச்சியில் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் தூங்குகிறான். கை எட்டாத இளவரசி சும்மா உட்கார்ந்திருக்கிறாள். பேச்சே கிடையாது. கால் மணி நேரம் கழித்து, படம் எப்போது தொடங்கும் என்று சித்தி கேட்டார்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. இளவரசியின் சிவப்பு கவுனைத் தைத்தவள் அவள்தான். தெருமுனைத் தையல் கடையில் இருபது வருடமாக அவள் வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. இளவரசியாக நடித்தது தம்பி மகள். வளரும் பிள்ளை ஆயிற்றே என்று, வழக்கம்போலப் பக்கத்தில் துணி விட்டு, கீழே நாலு மடிப்பு வைத்துத் தைத்திருந்தாள். நல்லவேளை. ஒரே மாதத்தில் முடிக்கிறேன் என்று வாய்கிழியப் பேசிய தம்பி, மூன்று வருடம் இழுத்தடித்தான். வருடத்துக்கு ஒரு மடிப்பாகப் பிரித்துவிட்டாள்.

அங்கேதான் வந்தது வினை. வெளுத்துப்போன துணியில், மடிப்புக்குள் ஒளிந்திருந்த பட்டை மட்டும் பளிச்சென்று நின்றது. மேலே லேஸ் வைத்து மறைத்துத் தருகிறேன் என்று அவள் சொல்லச் சொல்ல, படப்பிடிப்புக்கு நேரமாகிறது என்று பிடுங்கிக்கொண்டு போனான். இப்போது அந்தக் கோடுகள் திரை முழுக்கத் தெரிந்தன. மானம் போயிற்று. விளக்கு போடுவதற்குள் நழுவிவிட வேண்டும் என்று கழற்றிப்போட்ட செருப்பைக் காலால் துழாவினாள்.

அப்போது திரையில் இளவரசி குனிந்தாள். கவுனில் இருந்த கோடுகளை விரலால் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. எழுந்து கதவருகே போய்க் கையைத் தூக்கினாள். தாழ்ப்பாள் எட்டியது. ராட்சசன் குறட்டை விட, அவள் பாட்டுக்குத் திறந்துகொண்டு வெளியே நடந்தாள். படம் முடிந்தது.

விளக்கு எரிந்ததும், முன்வரிசையில் இருந்த கண்ணாடிக்காரர் ஒருவர் இந்த முடிவு எப்படித் தோன்றியது என்று கேட்டார். முதலில் இளவரசன் ஒருவன் வருவதாக இருந்தது, நடிக்க வேண்டியவன் வெளியூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான் என்று தம்பி ஒத்துக்கொண்டான்.

"முடிவே தெரியாம ரெண்டு மாசம் உக்காந்திருந்தேன். அப்புறம்தான் கவுன்ல அந்தக் கோடுங்களைப் பாத்தேன். பொண்ணு வளந்துட்டா, இனி இளவரசன் எதுக்குன்னு தோணுச்சு. அதைத் தச்சது எங்க அக்கா. அதோ, கடைசி வரிசையில இருக்காங்க."

எல்லாத் தலையும் திரும்பியது. அக்கா வெறுங்காலோடு எழுந்து நின்றாள்.

"உள்ள இன்னும் ஒரு மடிப்பு இருக்கு," என்றாள். "அவ இன்னும் வளருவா."