மருதமரத்துப் புகை

தேன் எடுக்கப் போகிறவர்களில் மரத்தில் ஏறுகிறவன் வீரன், கீழே நின்று புகை போடுகிறவன் வாயாடி. அக்கரைப்பற்று பக்கீர் முகைதீன் இருபது வருடமாகக் கீழேதான் நிற்கிறார். பச்சை இலைதழைக் கட்டைப் புகைய விட்டுக்கொண்டு ஓயாமல் கதைக்க வேண்டும். கதை நின்றால் கீழே நின்றவன் ஓடிவிட்டான் என்று அர்த்தம்.

மேலே இருந்தவன் தம்பிலுவில் என்னும் தமிழ் ஊர்க்காரன் கந்தப்போடி. எண்பத்தைந்து சித்திரையில் நடந்த தமிழ்–முஸ்லிம் குழப்பத்துக்குப் பிறகு இருவரும் முகம் பார்த்ததே அன்று காலையில்தான். பக்கீரின் மகள் நஸீறாவுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. நாக்கில் தொட்டு வைக்கக் காட்டுத் தேன்தான் வேண்டுமென்று ஆளனுப்பி அவனை வரவழைத்தவர் பக்கீர்.

முதல் தேன்வதைத் துண்டைக் காட்டுக்குக் காணிக்கையென்று கந்தப்போடி கிளையில் வைத்தான்.

"காட்டுக்கு அவ்வளவு பெரிய துண்டா? என்ட பேத்திக்கும் கொஞ்சம் மிச்சம் வை!"

"உங்கட வாய்க்குப் பயந்துதான் ஈ பறக்குது. நிப்பாட்டாதீங்க காக்கா!" பக்கீரை அவன் அப்போதும் அண்ணன் முறை வைத்துக் காக்கா என்றுதான் கூப்பிட்டான்.

அப்போது கடல் பக்கமிருந்து ஹெலிகொப்டர் சத்தம் வந்தது. காட்டுக்குள் புகை கண்டால் போராளிகள் என்று எண்ணி இராணுவம் மேலிருந்தே சுடுகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. புகையை அணைத்தாலோ, பெருந்தேனீ முழுவதும் கந்தப்போடி மேல்தான் விழும்.

"அணையுங்க காக்கா!"

"ஈ உன்னைத் தின்னுமேடா!"

"ஈ குத்தினா வீங்கும். அவன் சுட்டா வீங்கவும் நேரமிராது!"

பக்கீர் தண்ணீரைக் கவிழ்த்தார், மண்ணை அள்ளிப் போட்டார், போதாதென்று அதன்மேலேயே உட்கார்ந்தும் கொண்டார். பின்பக்கம் சுட்டது. சத்தம் தலைக்கு மேல் சுற்றிவிட்டுப் போகும்வரை மரத்திலிருந்து ஒரு முனகல்கூடக் கேட்கவில்லை.

இறங்கி வந்தவனுக்குப் பூசணிக்காய் முகம். இரண்டு கண்ணும் மூடிக்கிடந்தன. தேன்சட்டி மட்டும் பத்திரமாக இருந்தது. பக்கீர் கொடுக்குகளை நகத்தால் ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தார்.

"கடையில வாங்கியிருக்கலாம். என்ட வீம்பால வந்த வினை."

"கடைத்தேன் சீனிப்பாகு. பேத்தி உங்களப் போல பொய்க்காரியா வந்திருவா."

பக்கீரால் சிரிக்க முடியவில்லை. "எப்படி வீட்ட போவாய்?"

"றோட்டில விடுங்க. தடவித் தடவிப் போறன். நீங்க ஊருக்குள்ள வராதீங்க காக்கா."

சித்திரைக்குப் பிறகு தம்பிலுவில் சந்தியைத் தாண்டிய முஸ்லிம் எவருமில்லை. பக்கீர் தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பொக்கற்றுக்குள் வைத்தார். நாலடி நடந்ததும் வெட்கம் வந்தது. எடுத்து மறுபடி போட்டுக்கொண்டு அவன் கையைப் பிடித்து நடத்திப் போனார்.

சந்தியில் பேச்சுக்குரல்கள் சட்டென்று நின்றன.

"காக்கா, ஆர் நிக்கிறாங்க?"

"ஒருத்தருமில்ல, நீ வா" என்றார் பக்கீர், எழுந்து தன்னை நோக்கி வரும் நால்வரையும் பார்த்தபடி. கையை விடவில்லை.