பெர்லின் அனுப்புகிற பணம்

வளைகுடாவில், ஈசா டவுனில் பர்னபாஸ் குடியிருந்த வீட்டுக்கு அன்று அதிகாரி வருவதாக இருந்தது. பேத்தியைக் குழந்தைகள் பகல் காப்பகத்தில் விட்டால், கட்டணத்தில் பெரும்பகுதியை அரசாங்கமே கொடுத்துவிடும். ஆனால் வீட்டு வருமானம் குறைவுதான் என்று அவர்கள் நேரில் விசாரித்து எழுத வேண்டும். மகன் பெர்லின் பக்கத்து நாட்டில், தம்மாமில் வேலை பார்க்கிறான். மானியம் கிடைத்தால் அவன் மனைவி சுபிஷா கிளினிக் வேலையைத் தொடரலாம். இல்லாவிட்டால் பேசப் பழகாத அந்தக் குழந்தையைக் குளச்சலுக்கு, சுபிஷாவின் அம்மாவிடம் அனுப்பிவிட வேண்டியதுதான்.

படகு எஞ்சின் ஒர்க்‌ஷாப்பில் இத்தனை வருஷமாக வேலை பார்த்தும், பர்னபாஸ் ஒருமுறைகூடக் கபீலிடம், அதாவது விசா கொடுத்த முதலாளியிடம், முன்பணம் கேட்டவரில்லை. காலையிலேயே இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு மருமகளைக் கூப்பிட்டார்.

"அந்தச் சங்கிலிய எடுத்துப் போடு, மக்களே."

"மாமா, அவங்க நம்ம கஷ்டத்தப் பாக்க வாராங்க."

"கஷ்டம்னா? எனக்க வீட்டுப் பொண்ணு வெறுங்கழுத்தோட நிக்கணுமா?"

"அத வித்தாச்சு மாமா. போன வாடகைக்கு."

அவர் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டார்.

அதிகாரி உம்மு ஹானி கறுப்பு அபாயா அங்கியில், சலாம் சொல்லிக்கொண்டு மரியாதையாக உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் மொழிபெயர்க்க வந்தவள் பர்னபாஸுக்குத் தெரிந்தவள். காப்பகத்தில் வேலை செய்யும் அருள்செல்வி. வெள்ளிக்கிழமைத் தமிழ்ப் பூசையில் பாடல் குழுவில் நிற்பவள். இங்கே பேசுவது மாதா கோயில் முற்றத்துக்குப் போகும். அங்கிருந்து போனில் குளச்சலுக்கும் போகும்.

"சுகந்தானா அண்ணாச்சி? பெர்லின் அண்ணன் தம்மாம்ல எப்படி இருக்காங்க?"

"அவனுக்கென்ன, ராஜா கணக்கா இருக்கான்."

சம்பளம், வாடகை எல்லாவற்றுக்கும் பர்னபாஸ் உண்மையையே சொன்னார். வீட்டுப் பெரியவர் பேசும்போது சுபிஷா குறுக்கிடுவதில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்து, மகன் மாதம் என்ன அனுப்புகிறான் என்று உம்மு ஹானி கேட்டார்.

பெர்லின் பணம் அனுப்பி ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. தம்மாமில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். இது அந்த வீட்டுச் சுவர்களுக்குள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

"மாசந் தவறாம அனுப்புவான். தாராளமா," என்றார் பர்னபாஸ்.

உம்மு ஹானி பேனாவை மூடினார்.

"அப்பிடின்னா மானியம் கிடைக்காதாம் அண்ணாச்சி," என்றாள் அருள்செல்வி.

சுபிஷா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். கண்ணீர் விடவில்லை. அதுதான் அவரைக் குத்தியது.

"அருள்செல்வி, நீயும் சுபிஷாவும் போயி சாயா போட்டுக் கொண்டு வாங்க," என்றார்.

அவர்கள் அடுக்களைக்குள் போனதும் அதிகாரி பக்கம் குனிந்தார். அவருக்குத் தெரிந்தது ஒர்க்‌ஷாப் அரபி. டீசலும் பிஸ்டனும் பேசத்தான் அது உதவும். "வலத்... பைசா மாஃபி," என்றார். மகன் பணம் தருவதில்லை.

ஏன் என்று கேட்டார் உம்மு ஹானி. பர்னபாஸ் இரண்டு கையையும் விரித்ததைக் கண்டு அவர் முகம் இளகியது. "மவுத்?" என்று மேலே கை காட்டினார். இறந்துவிட்டானா?

கேள்வி பர்னபாஸுக்கு நன்றாகவே புரிந்தது. செத்தவனை யாரும் பழிப்பதில்லை. ஆமென்று தலையை ஆட்டினார்.

சாயாவோடு இருவரும் திரும்பியபோது உம்மு ஹானி எழுந்து சுபிஷாவின் கையைப் பற்றி ஏதோ சொன்னார். கிளினிக் வாசலில் துக்கக்காரர்களிடம் சொல்லிக் கேட்டுக் கேட்டு அவளுக்குப் பழகிய வார்த்தைகள்தான். அருள்செல்வி தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"செத்திட்டாருன்னா சொன்னீங்க மாமா?" என்றாள் சுபிஷா.

அவர் தரையைப் பார்த்தார்.

"நாளைக்குச் சாவு சர்ட்டிபிகேட் கேப்பாங்க. எங்கேருந்து கொண்டு வருவீங்க? விட்டுட்டுப் போனவனுக்குப் பொண்டாட்டியா நா இருந்துக்கிடுவேன். உங்க மானத்துக்காக கைம்பொண்டாட்டியா நடிக்க என்னால ஏலாது."

அவள் அதிகாரியிடம் திரும்பி, புருஷன் சாகவில்லை என்று அரபியில் நாலு வார்த்தை சொன்னாள்.

உம்மு ஹானி உட்கார்ந்தார். பேனாவை மறுபடி திறந்து வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். அருள்செல்வி யார் முகத்தையும் பாராமல் அதைத் தமிழில் சொன்னாள்: "ரெண்டு பேரும் ரெண்டு விதமாச் சொல்றீங்களாம். வீட்டுத் தலைவரு கடைசியாச் சொல்றதத்தான் எழுதுவாங்களாம்."

பர்னபாஸ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேத்தி சாயாத் தட்டை எட்டிப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்க மொவன் உயிரோடதான் இருக்கான்," என்றார். "பொண்டாட்டி பிள்ளைய விட்டுட்டு இன்னொருத்திகூட இருக்கான். ஒரு பைசா அனுப்பல."

அருள்செல்வி சுபிஷாவைப் பார்த்தாள்.

"சொல்லு பிள்ளே," என்றார். "நா சொன்னத அப்பிடியே சொல்லு."