இரண்டிலும் வெள்ளை

காலேஜில் பௌதிகம் நடத்தும் சுப்பிரமணிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஓர் அணு எந்த நிமிஷம் உடையும் என்பதற்குக் காரணமே கிடையாது என்பார். காரணம் இருக்கிறது, மனுஷ மூளைக்குத்தான் எட்டவில்லை என்று யாராவது சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில் அதைச் சொல்கிறவள் அவர் மனைவி தனம்.

"எட்டலன்னு ஒத்துக்கினா உங்க கிரீடம் எறங்கிடுமா?"

"எட்டாததில்ல தனம். அங்க எட்டறதுக்கே ஒண்ணும் இல்ல."

"அதெப்படிங்க ஒண்ணுமில்லாம இருக்கும்?" என்று சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவாள். இருபது வருஷமாக இதே வழக்குதான்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாசம் அவள் கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். மெட்ராஸ் போய்க் கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு கொடுக்க வேண்டும். பத்துப் பேரில் நாலு பேர் பிழைப்பார்கள், எந்த நாலு பேர் என்று சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். வகுப்பில் அணுவைப் பற்றிச் சுப்பிரமணி இதையே எத்தனை தடவை சொல்லியிருப்பார்! அன்றைக்கு என்னவோ அந்த டாக்டரை அடிக்கலாம் போல இருந்தது.

அம்மனைக் கேட்காமல் பஸ் ஏற மாட்டேன் என்றுவிட்டாள் தனம். பூ கட்டிப் பார்க்க வேண்டும். வெள்ளை வந்தால் மெட்ராஸ், சிவப்பு வந்தால் வீடு. பூவை இலையில் மடித்துப் பொட்டலம் கட்டுகிற வேலை சுப்பிரமணிக்கு. காரணமில்லாத உலகத்தில் நிம்மதியாகக் குடித்தனம் நடத்திய மனுஷருக்கு, பெண்டாட்டி உயிரைப் பாதிக்குப் பாதி என்று விட மனசு வரவில்லை. இரண்டிலும் நந்தியாவட்டையை வைத்துக் கட்டினார்.

தெருக்கோடிக் கோயிலில் பூசாரி அம்மன் காலடியில் வைத்த இரண்டில் ஒன்றைத் தனம் எடுத்தாள். வெள்ளை. மற்றதை அவர் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

மெட்ராசில் நாற்பது நாள். அடிவயிறு வெந்து கறுத்துப்போயிற்று. "அவ போகச் சொன்னா, வந்தேன். தாங்கித்தான் ஆவணும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். கட்டி அடங்கவில்லை. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஊரே கார்த்திகை தீபத்துக்குத் திமிலோகப்பட்டுக்கொண்டிருந்த வாரம், எழுந்து உட்காரக்கூட முடியாத தனம் அவரைக் கூப்பிட்டாள்.

"இன்னொரு வாட்டி கட்டுங்க. பொழைப்பேன்னா வெள்ளை."

"வாணாம் தனம்."

"நீங்களா சொல்லப் போறீங்க? அவதான சொல்லப் போறா."

சிவப்பு அரளியைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார். இந்தத் தடவையும் அவரால் முடியவில்லை. அம்மன் படத்தின் முன்னால் காட்டிவிட்டு இரண்டு பொட்டலத்தையும் நீட்டினார். ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை. பாவம், முகம் அப்படி மலர்ந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே, அவர் தடுப்பதற்குள், மற்றதையும் வாங்கிப் பிரித்துவிட்டாள்.

இரண்டு பூவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அன்னிக்கும் இப்படித்தானா?"

சுப்பிரமணி தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப அவ எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலையா?"

"சொல்லியிருப்பா தனம். நமக்குத்தான் எட்டல" என்று உளறினார்.

"சும்மா இருங்க" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இன்னும் பதினோரு நாள் உயிரோடு இருந்தாள். அவரையும் சரி, அம்மனையும் சரி, அவள் அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை.