வலக் கன்னத்து மச்சம்

பதினொன்றரைக்கு வருவதாகச் சொன்னவர் பதினொன்று பத்துக்கே வந்துவிட்டார். இறந்துபோன மகளின் முகத்தைப் புகைப்படங்களிலிருந்து கணினியில் உருவாக்கித் தரக் கேட்டவர்.

தோலுக்கு நிறமும் நிழலும் தீட்டியவள் கடைசியாக ஒருமுறை முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் தீட்டுவது மறுபக்கமும் தானாக விழும் வசதியை அணைக்காமலே இடக் கன்னத்து மச்சத்தை வைத்திருக்கிறாள். இரண்டு கன்னத்திலும் மச்சம்.

“ஒரு நிமிஷம் சார், வெளிச்சத்தைச் சரி பண்ணிடறேன்.”

“வெளிச்சம் கிடக்கட்டும்மா. எம்பொண்ணு இருட்டுலயும் அழகுதான்.”

அதற்குள் அவர் சிரித்துக்கொண்டே திரைக்கு அருகில் வந்துவிட்டார். சிரிப்பு நின்றது. தன் வலக் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

“இந்தப் பக்கமும் இருந்துச்சாம்மா? நான்தான் சரியாப் பாக்காம விட்டுட்டேனா?”