நேர்ந்துவிட்ட கன்று

கால்நடை மருத்துவர் ஜெப்ஸி ஸ்கூட்டரை நிறுத்தும்போதே மேளம் தொடங்கிவிட்டது. உப்பளத்தை ஒட்டிய அந்தத் தெருவில், மாலை போட்ட காளைக்கன்றை இசக்கிராஜா நடத்திக்கொண்டு வந்தான். துறைமுகத்துக்கு ஓட்டிப்போன டிரெய்லர் கவிழ்ந்து அவன் சாகக் கிடந்தபோது, பிழைத்தால் கன்றை அம்மனுக்கு விடுவதாக அவன் தாய் முத்துச்செல்வி நேர்ந்திருந்தாள். கோயிலுக்குப் போகும் வழியில் வீட்டுக்கு வீடு நின்று, அந்த வீட்டு மாடு குடிக்கும் கழனிவாளியில் கன்று வாய் வைக்க வேண்டும். அதன்பின் அது ஊர்க் கன்று. எந்தத் தொழுவத்திலும் நுழையலாம்.

ஜெப்ஸி முத்துச்செல்வியை ஓரமாக அழைத்தாள்.

“அக்கா, ரிசல்ட் வந்துட்டு. உங்க செவலை மாட்டுக்குச் சினை கலைஞ்சுதுல்லா, அந்தச் செத்த கன்னுலயும் இது காதுல எடுத்த சதையிலயும் ஒரே வைரஸ். மரபணு அப்படியே பொருந்துது.”

“குதிச்சுக்கிட்டு நிக்கி. இதுக்கா நோவு?”

“தாய் வயித்துலயே தொத்தியிருக்கு. அதனால இது உடம்பு அந்த வைரஸை அன்னியம்னு நினைக்கல, எதிர்க்கல. சாகுற வரைக்கும் எச்சில்ல கொட்டிக்கிட்டே இருக்கும். பட்ட சினைமாடு கலையும், இல்லன்னா இதே மாதிரி இன்னொண்ணு போடும்.”

“மருந்து?”

“இதுக்குக் கிடையாது. தனியா அடைக்கணும். நீங்க நிறுத்துங்க, இல்லன்னா நான் நிறுத்துவேன்.”

“நீங்க வேதக்காரங்க, ஜெபம் பண்ணி முடிச்சிருவீங்க. நான் வாக்கு குடுத்தவ. பாதியில நிறுத்தி என் பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?”

அதற்கு ஜெப்ஸியிடம் பரிசோதனை எதுவும் இல்லை.

முதல் வீடு சீனித்தாயுடையது. அவளுக்கு இருப்பது ஒரே மாடு. எத்தனையோ ஊசிக்குப் பிறகு இப்போதுதான் சினை பிடித்திருந்தது. வாளியில் தவிடு கலந்து, மஞ்சள் பூசி, வாசலில் ஏந்தி நின்றாள். கன்று மூக்கை நீட்டியது.

முத்துச்செல்வி ஓடினாள். கன்றின் வாய்க்கும் வாளிக்கும் ஒரு சாண் இருக்கும்போது தட்டிவிட்டாள். வாளி உருண்டது. மேளம் நின்றது.

“ஏளா,” என்றாள் சீனித்தாய் மெதுவாக. “எங்க வீட்டுக் கழனி உன் கன்னுக்கு ஆகாதோ?”

“உன் மாட்டுக்குத்தான் என் கன்னு ஆகாது. இதுக்குள்ள நோவு இருக்கு. செவலைக்குக் கலைஞ்சதும் இதாலதான்.”

தெருவே அவளைப் பார்த்தது. சீனித்தாய் உள்ளே போய்த் தொழுவத்தின் கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. “சிந்துனத நக்கவிடாம கூட்டிட்டுப் போளா. வாளியும் உனக்குத்தான்.”

“அம்மா, அப்ப நேர்ச்சை?” என்றான் இசக்கிராஜா.

“அம்மன்கிட்ட நான் பேசிக்கிடுதேன். கயித்தக் குடு.”

திரும்பி நடக்கையில் அவனுடைய அடிபட்ட கால் ஒரு கல்லில் தடுக்கியது. முத்துச்செல்வி கயிற்றை இறுகப் பிடித்தபடி அவனையே பார்த்து நின்றாள்.

அவன் விழவில்லை.