கேப்டன் நாற்காலியும் ஆறு வாத்துகளும்

ருதைனா அந்தப் படத்தை வரைந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சும்மா பொழுது போகாமல்தான். அவள் தலைமுறை முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த கார்ட்டூன் அது. ஒரு விண்கலம், அதில் ஆறு வாத்துகள். அந்த ஆறையும் அவள் லெபனான்காரர்களாக்கி, நாட்டின் ஆறு சமயச் சமூகங்களுக்கு ஒன்றொன்றாகக் கொடுத்துவிட்டாள்.

கலத்தில் எரிபொருள் தீர்ந்துபோயிருக்கிறது. அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. கேப்டன் நாற்காலியில் யார் உட்காருவது என்பதுதான் சண்டை. மாரோனியக் கிறிஸ்தவ வாத்து பிரெஞ்சில் மூக்கைச் சுளித்தபடி, தான் அரபியே இல்லை என்கிறது. பெய்ரூத்தின் சுன்னி வாத்து, கலம் நிற்கும் இடமே தன் தாத்தாவின் மனை என்கிறது. ஷியா வாத்து ஒரே ஸ்கூட்டரில் பதினோரு உறவினர்களை ஏற்றி வந்து, தலையை எண்ணிப் பார் என்கிறது. ஆர்த்தடாக்ஸ் வாத்து ஒவ்வொருவரோடும் தனித்தனியாகக் காப்பி குடித்து, "நான் உன் பக்கம்தான்" என்று காதில் சொல்கிறது. மலையில் வாழும், மறுபிறவியை நம்பும் துரூஸ் வாத்து பெரிய மீசையோடு மத்தே பானத்தைக் குழலில் உறிஞ்சிக்கொண்டு, போன பிறவியில் இந்தக் கலத்தை ஓட்டியதே தான்தான் என்கிறது. ஆர்மேனிய வாத்து மட்டும் தரைக்கு அடியில் படுத்து, ஆண் பெண் குழம்பிய அரபியில் தன் ஸ்பேனரைத் திட்டிக்கொண்டே எஞ்சினைப் பழுது பார்க்கிறது.

ருதைனாவும் துரூஸ்தான். புனைபெயரில்தான் படத்தைப் போட்டாள். ஒரு வாரத்தில் அது நாடு முழுக்கச் சுற்றி, மலையிலிருக்கும் சொந்த ஊரிலிருந்து அவள் அம்மாவே அதை அவளுக்கு அனுப்பினாள். "மத்த அஞ்சும் அப்படியே உரிச்சு வெச்ச மாதிரி இருக்கு. நம்மளைப் பத்தி மட்டும் பொய்யா வரைஞ்சிருக்கான் பாவி" என்று கீழே எழுதியிருந்தாள்.

பெய்ரூத்தை ஒட்டிய ஆர்மேனியப் பேட்டையான புர்ஜ் ஹம்மூத்தில் வார்த்கெஸின் பிளக்ஸ் கடையில் ருதைனாவுக்குக் கணினி வேலை. படம் வந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, ரபீ என்பவன் மூன்று ஆட்களோடு கடைக்குள் வந்தான். எந்தப் பகுதிக்காரன் என்பது இங்கே முக்கியமில்லை. அதே வாரம் வேறு பகுதிக்காரர்களும் வந்து அதையேதான் கேட்டார்கள்.

"தங்கச்சி, இந்தப் படம் தெரியுமில்ல?"

"பாத்திருக்கேன்."

"எங்க வாத்தை நாற்காலியில உக்கார வைக்கணும். மத்த அஞ்சும் கதவுக்கு வெளியில, அழுதுக்கிட்டு நிக்கணும். நாலு மீட்டர் பேனர். எங்க தெரு முனைக்கு."

"வெட்டி ஒட்டித் தரலாம். அழற மாதிரி வரையறதெல்லாம் எனக்கு வராது."

மிஷினுக்குப் பின்னாலிருந்து வார்த்கெஸ் தலையை நீட்டினான். வீட்டில் ஆர்மேனிய மொழி, தெருவில் கற்ற அரபி. நாற்பது வயதாகியும் அவன் பேச்சில் ஆண் பெண்ணாவதும் பெண் ஆணாவதும் நிற்கவில்லை. "ஏன் வராது? ருதைனா நல்லா வரைவான். கல்யாணப் பத்திரிகைப் புறா எல்லாம் அவன் போட்டதுதான்."

ரபீ ஒரு முக்காலியை இழுத்து அவள் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டான். மற்ற மூவரும் வாசலை மறித்து நின்றார்கள். அவள் வேண்டுமென்றே கோணல்மாணலாக வரைந்தாள்.

"அலகு இப்படி இல்லம்மா. நுனியில லேசா வளையும்." அவன் தன் போனைத் திறந்து அவளுடைய படத்தையே அவளுக்குக் காட்டினான். "வரைஞ்சவன் கெட்டிக்காரன். கையில கெடச்சா முதல்ல கை குலுக்குவேன். அப்புறம் அந்தக் கையை முறிச்சிடுவேன். எங்க வாத்து வாயில என்ன வார்த்தை போட்டிருக்கான் பாத்தியா?"

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். ருதைனாவும் சிரித்து வைத்தாள்.

ஒவ்வொரு தப்பான கோட்டையும் அவன் அழிக்கச் சொன்னான். தப்பாக வரைவது இத்தனை கஷ்டம் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரு மணி நேரத்தில் கவனம் அசந்தது, கை தன் வழியில் போனது. மூன்றாவது வாத்து அச்சு அசலாக வந்துவிட்டது. ரபீ முக்காலியோடு முன்னால் நகர்ந்து திரையருகே குனிந்தான்.

"இதான்," என்றான் ரபீ, மனம் நிறைந்து. "சொல்லிக் குடுத்தா வருதுல்ல?"

புதன்கிழமை பேனர் தெருவில் ஏறியது. வியாழக்கிழமை காலை இன்னொரு பகுதியிலிருந்தும் சாயங்காலம் மூன்றாவது பகுதியிலிருந்தும் வந்தார்கள். "அவங்களுக்கு வரைஞ்ச பொண்ணே வரையட்டும்" என்றார்கள். ஒவ்வொருவருக்கும் தங்கள் வாத்து நாற்காலியில், மற்ற ஐந்தும் வெளியில். வார்த்தைகூட மாறவில்லை. அவள் எல்லோரையும் ஒன்றாக உட்கார்த்திக் கேலி செய்த படத்தை ஆளுக்கொரு துண்டாகப் பிய்த்துக்கொண்டு போனார்கள், அதையும் அவள் கையாலேயே செய்ய வைத்து.

வெள்ளிக்கிழமை மதியம், வார்த்கெஸ் கறி ரொட்டியில் எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தபோது அவள் சொல்லிவிட்டாள். "முதலாளி, அந்தப் படம் நான் வரைஞ்சது."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"முதல் நாள்லேர்ந்து. தரைக்கு அடியில கெடந்து அந்த வாத்து சொல்லுதே, 'இந்த ஸ்பேனர் பெரிய மனுஷன் ஆயிட்டா, கூப்பிட்டா வர்றதில்ல.' இந்த ஊர்ல இப்படி வேற எவ பேசுவான்?"

அவளுக்கு முகமெல்லாம் சூடேறியது. "கோபமா?"

"பேச்சுக்கு இல்ல. என் பேச்சைக் கேட்டு என் பொண்டாட்டியே சிரிப்பான்." ரொட்டியைச் சுருட்டினான்; ஆனால் கடிக்கவில்லை. "எல்லாரும் நாற்காலிக்கு அடிச்சுக்கறாங்க. நான் மட்டும் ஏன் தரைக்கு அடியில கெடக்கேன்?"

அந்த ஆறு பேரில் அவனுக்குத்தான் நல்ல இடம் கொடுத்திருப்பதாக அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். "நீங்க ஒருத்தர்தான் வேலை பாக்கறீங்கன்னு காட்டத்தான்..."

"எங்கப்பாகிட்டயும் அதையேதான் சொன்னாங்க. ஆர்மேனியன் நல்லா ரிப்பேர் பாப்பான்னு. பாப்பேன்தான். எனக்கும் ஒரு நாள் உக்காரணும்னு தோணாதா? அது உனக்குத் தோணவே இல்ல பாரு."

"உங்களை உக்கார வெச்சு ஒண்ணு வரைஞ்சு தரேன்."

"வேண்டாம். அந்த ரபீயும் அதைத்தான கேட்டா."

"இனிமே இந்த ஆர்டர் எடுக்க வேண்டாம், முதலாளி" என்றாள்.

"மூணு பேருக்கு அடிச்சாச்சு. நாலாவது ஆளுக்கு இல்லன்னா, எங்க வாத்து மட்டும் எளப்பமான்னு கண்ணாடியை உடைப்பா. வரைஞ்சது நீதான்னு சொன்னா ஆறு பேரும் சேர்ந்து வருவா. நீ சொல்லு, என்ன பண்ணட்டும்?"

அன்று சாயங்காலம் தன் புனைபெயர்ப் பக்கத்திலிருந்து படத்தை நீக்கினாள். பத்து நிமிடத்தில் யாரோ அதையே அவளுக்கு அனுப்பி, "இதைப் பாத்தியா, செம காமெடி" என்றார்கள்.

சனிக்கிழமை வந்தவன் நிசார், அவள் பெரியப்பா மகன். மலையிலிருந்து காரை ஓட்டி வந்திருந்தான்.

"ஊர்ல எல்லாரும் சொல்றாங்க, நம்ம வாத்துக்கு மட்டும் பேனர் இல்லன்னு. நம்ம வீட்டுப் பொண்ணே அந்தக் கடையில இருக்காளேன்னு கெளம்பி வந்துட்டேன்."

"என்னால முடியாது அண்ணே."

"மத்தவங்களுக்கு முடிஞ்சுதே."

"அதை வரைஞ்சதே நான்தான். முதல் படத்தை. மீசை போட்டது, போன பிறவி, எல்லாம் நான்தான்."

சொன்னதும் அவளுக்கு நெஞ்சு லேசானது. திட்டட்டும், ஊரில் போய்ச் சொல்லட்டும், எப்படியோ முடியட்டும் என்று காத்திருந்தாள்.

நிசார் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "சித்திக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிய வேண்டாம். யாருக்குமே தெரிய வேண்டாம்." தாடையைத் தடவினான். பிறகு அவன் முகம் தெளிந்தது. "நீயே வரைஞ்சதுன்னா ரொம்ப நல்லதாப் போச்சு. நம்முது மத்ததை விட நல்லா இருக்கும். நான் இங்கயே இருந்து வாங்கிட்டுப் போறேன்."

ருதைனா கோப்பைத் திறந்தாள். அழும் வாத்துகள் இப்போது யோசிக்காமலே கையிலிருந்து விழுந்தன. மாரோனியர், சுன்னி, ஷியா, ஆர்த்தடாக்ஸ் வரிசையாகக் கதவுக்கு வெளியே போனார்கள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"அந்த ஆர்மேனியன்?" என்றான் நிசார். "அவனும் வெளிய வரணும்ல."

வார்த்கெஸ் அவள் பின்னால்தான் நின்றிருந்தான். அவள் திரும்பவில்லை. ஐந்தாவது வாத்தையும் வரைந்து, கண்ணுக்குக் கீழே ஒரு துளி வைத்தாள்.

"துளி பத்தாது," என்றான் வார்த்கெஸ். "தூரத்துலேர்ந்து பாத்தா தெரியாது. பெருசாப் போடு."

சொல்லிவிட்டு மிஷினில் புது ரோலை மாட்டப் போனான்.