வீக்கம் இறங்கிய எலி

எலிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பதினோரு வருஷத்தில் தங்கைக்காரி எந்த எலிக்கும் பேர் வைத்ததில்லை. வைத்தது அக்காதான், அதுவும் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே.

அக்கா தோட்ட வேலைக்காரி. புல் வெட்டும்போது உண்ணி கடித்து வந்த காய்ச்சலை, "ரெண்டு நாள்ல போயிடும்" என்று விட்டுவிட்டாள். முழங்கால் பூசணிக்காயாக வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மாத்திரையும் ஊசியும் முடிந்தும் கால் மடங்கவில்லை. அந்தக் காய்ச்சலின் கிருமியைத்தான் தங்கையின் ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குச் செலுத்துகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து தினமும் இதே விசாரணை.

"என் கூட்டாளி நொண்டி எப்படிடி இருக்கான்?"

நொண்டி, மூன்றாம் கூண்டு எலி. பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாத இனம். கணுக்கால் வீங்கி, பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தது. இதே நோயில் விழுந்து தேறிய எலிகளின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை, ஆய்வை நடத்தும் டாக்டரம்மா அதற்கு ஏற்றினார். கிருமியோடு மல்லுக்கட்டும் எதிர்ப்புப் பொருள் அதில் இருக்கிறதாம்.

சில வாரங்களில் வீக்கம் வடிந்தது. நொண்டி கூண்டுக் கம்பியைப் பிடித்து ஏறியது. அன்று தங்கை செருப்பைக் கழற்றும் முன்பே சேதியைச் சொல்லிவிட்டாள்.

"அவனாவது தப்பிச்சானே! எனக்கும் அந்த ஊசியைப் போடச் சொல்லு, எலியா மாறினாலும் பரவால்ல," என்று அக்கா சிரித்தாள்.

மறுவாரம் டாக்டரம்மா மூன்றாம் கூண்டைக் கேட்டார். கிருமி மிச்சமிருக்கிறதா என்று அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். தங்கையே கொண்டுபோய்க் கொடுத்தாள். கையில் எடுத்தபோது அது அவள் விரலிடுக்கில் மூக்கை நுழைத்தது.

வீட்டில், "நல்லா இருக்கான்" என்றே மூன்று வாரம் ஒப்பேற்றினாள். ஆய்வு முடிவு வந்த அன்று மறைக்க முடியவில்லை, உடைந்துபோய்ச் சொல்லிவிட்டாள்.

"அவனை அறுத்துப் பார்த்துட்டாங்கக்கா. வீக்கம்தான் போச்சு. கிருமி உள்ளேயே இருந்திருக்கு. கிருமி ஏறுறதுக்கு முன்னாடியே சீரம் போட்ட வேற எலிங்களுக்கு நோயே ஒட்டலையாம்."



"வலிச்சுதாடி அவனுக்கு?"

"இல்லக்கா. மயக்கம் குடுத்துதான்."

அக்கா தன் முழங்காலை இரண்டு கையாலும் தூக்கி ஸ்டூல்மேல் வைத்தாள். "முன்னாடியே போட்டிருந்தா ஒட்டியிருக்காதுன்னாங்களா?"

"எலிக்குக்கா. எலியில மட்டும்தான் பார்த்திருக்காங்க."

"நானும் எலிக்குத்தான் கேட்டேன்."

அதன்பிறகு அக்கா எலிகளைப் பற்றிக் கேட்டதே இல்லை. தங்கை வீட்டுக்குள் நுழைந்தால், "சாப்பிட்டியா?" என்பாள். அதோடு சரி.